குழாய் மாட்டிய ஸ்பானர்

"இந்த லேத் என்னை ஏமாத்துதுங்க அம்மிணி. மத்தியானம் டெம்போ வருது. பழைய இரும்புக்குப் போட்டுடறேன்."

சொல்லிக்கொண்டே மருதாசலம் அந்த லேத்தைத் துணியால் துடைத்தார்.

மில்லில் முப்பது வருடம் சூப்பர்வைசராக இருந்தவர். ஓய்வு பெற்றதும் ஆசை ஆசையாக, இரும்பு கடையும் ஒரு சின்ன லேத் வாங்கி, கார் ஷெட்டில் வைத்தார். ஆறு மாதமாகியும் அதில் ஓர் இரும்புத் தண்டைக்கூட நேராகக் கடைய முடியவில்லை. ஒரு முனை பருத்து, மறுமுனை சிறுத்தே வந்தது.

கடைசியில் வெட்கத்தை விட்டு, தன்னைவிட இருபத்தைந்து வயது சின்னவளான கோகிலவாணியிடம் வேலை கற்கப் போனார். கணபதிப் பகுதியில் லேத் பட்டறை வைத்திருப்பவள். இரும்பு அவள் பேச்சைக் கேட்கும் என்பார்கள். நானும் பார்த்திருக்கிறேன், கேட்கத்தான் செய்கிறது.

அன்று அவளே ஷெட்டுக்கு வந்திருந்தாள். லேத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

"எண்ணெய் போடறீங்களாண்ணா?"

"காலையில ஒருவாட்டி, சாயங்காலம் ஒருவாட்டி."

"துடைக்கறது?"

"சாமி சிலையாட்டத் துடைப்பேன்."

"தெரியுதுங்ணா. என் பட்டறையிலகூட இவ்வளவு சுத்தமில்லை." உண்மையாகவே சொன்னாள். "இறுக்கறது?"

மருதாசலத்தின் முகம் மலர்ந்தது. மூலையில் இருந்த மூன்றடி இரும்புக் குழாயைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"ஸ்பானர் பிடியில இதை மாட்டி, ஏறி மிதிச்சு இறுக்குவேன். நாலு கால் போல்ட்டையும். தினமும். மேசையை விட்டு மயிரிழை நகராது."

கோகிலவாணி கையை நீட்டினாள். குழாயும் ஸ்பானருமாகக் கொடுத்தார்.

குழாயை மட்டும் உருவிச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, அவள் குனிந்து போல்ட்டுகளைத் தளர்த்தத் தொடங்கினாள்.

"ஐயோ, ஆடுமே!"

மூன்று போல்ட்டுகள் தளர்ந்தன. ஒன்றும் ஆகவில்லை.

நான்காவதைத் திருப்பியதும் 'டக்'கென்று ஒரு சத்தம். யாரும் தொடாமலே லேத்தின் அந்தக் கால் மேசையை விட்டு மேலே எழுந்தது.

மருதாசலம் குனிந்து பார்த்தார். காலுக்கும் மேசைக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது.

"மேசை கோணலா?"

"மேசை கோணலுங்ணா."

"அப்ப லேத்து?"

"அது நேராத்தான் வந்துச்சு. நீங்க இறுக்க இறுக்க, மேசைக் கோணலுக்குத் தக்கன அதுவும் முறுக்கிக்கிச்சு."



அவள் அந்த இடைவெளியில் மெல்லிய பித்தளைத் தகடு ஒன்றைச் செருகினாள். வெறும் ஸ்பானரால், மணிக்கட்டின் பலத்தில் மட்டும் போல்ட்டுகளை முடுக்கினாள். இரும்புத் தண்டு ஒன்றை மாட்டி மெல்லிசாக ஒரு வெட்டு ஓட்டினாள். சுருள் சுருளாக இரும்பு உதிர்ந்தது.

"அளந்து பாருங்க."

மைக்ரோமீட்டரால் இந்த முனையை அளந்தார். அந்த முனையை அளந்தார். நம்பிக்கையில்லாமல் மூன்று தடவை அளந்தார். இரண்டு முனையும் ஒன்றுபோல் இருந்தன.

அவருக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாகச் சந்தோஷமாக இருந்தது.

வாசலில் டெம்போ ஹாரன் அடித்தது. டிரைவர் எட்டிப் பார்த்தார்.

"ஏத்திடலாமுங்களா?"

"ஏத்திக்கப்பா," என்று மருதாசலம் சுவரோரம் போய், மூன்றடிக் குழாயை எடுத்து டிரைவர் கையில் கொடுத்தார்.

"இவ்வளவுதானுங்களா?"

"இவ்வளவுதான்."