பொட்டு வச்ச கை

கடல் தண்ணி உப்புக் கரிக்கத் தொடங்கிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்த காலம்னு வச்சுக்கோங்க. கரையோர ஊர் ஒண்ணுல ஆவுடையப்பர்னு ஒரு உப்பள முதலாளி இருந்தார். பக்தின்னா அப்படியொரு பக்தி. காலையில சிவன், மத்தியானம் பெருமாள், சாயங்காலம் அம்மன். மிச்ச நேரத்துல ஆளுங்களைப் பிழியறது.

சந்தையில நெஞ்சைத் தடவிக்கிட்டுச் சொல்வார்: "என் ஆளுங்கதான் என் கை. இந்தக் கை இல்லேன்னா ஏது உப்பு?"

அந்தக் கைகள்ல ஒண்ணு செல்லக்கனியோடது. உள்ளங்கை வெடிச்சு, உப்பு ஏறி, விரலை மடக்க முடியலை. இன்னும் ஒரு வாரம் போனா அது சோறு அள்ளக்கூட ஆகாதுன்னு கூட வேலை பார்த்த முத்துப்பேச்சிக்குத் தெரியும்.

"இவளுக்கு ரெண்டு நாள் ஓய்வு குடுங்க அண்ணாச்சி."

"மழை வருது. உப்பை யாரு அள்ளுவா, உங்கப்பனா?"ன்னார் பக்திமான்.

ஆயுத பூஜை வந்துச்சு. மண்வெட்டிக்குப் பொட்டு, உப்பு வாருற பலகைக்குப் பொட்டு, கூடைக்குப் பொட்டு.

"பாவம், கருவிக்கும் களைப்பு உண்டு. பொட்டு வச்சதை நாளைக்கு வரைக்கும் தொட்டா லச்சுமி போயிருவா"ன்னு கன்னத்துல போட்டுக்கிட்டார்.

மரக்கட்டை மேலயே இவ்வளவு இரக்கமான்னு முத்துப்பேச்சிக்கு மனசு குளிர்ந்துபோச்சு.

"அப்போ எங்களுக்கும் ஓய்வுதானே அண்ணாச்சி?"

"உங்களுக்கு எதுக்கு? வெறுங்கையால அள்ளுங்க."

அவ சந்தனக் கிண்ணத்தை எடுத்தா. தன் கைக்கு ஒரு பொட்டு, செல்லக்கனி கைக்கு ஒரு பொட்டு, அங்க நின்ன அத்தனை கைக்கும் பொட்டு. எல்லாரும் மண்வெட்டிக்குப் பக்கத்துல வரிசையா உக்காந்தாங்க.

"என்னடி கூத்து இது?"

"நாங்கதான் உங்க கையாச்சே. சந்தையே சாட்சி. பொட்டு வச்சாச்சு, இனி தொட்டா லச்சுமி கோவிச்சுக்குவா."

ஆவுடையப்பர் மேகத்தைப் பார்த்தார். பொட்டுகளைப் பார்த்தார். வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டுப் பாத்தியில இறங்கினார். முதல் அள்ளுல கை எரிஞ்சுது. ரெண்டாவதுல தோல் உரிஞ்சுது. மூணாவதுல ரத்தம்.

"சந்தனம் மிச்சம் இருக்கா?"ன்னு கேட்டுக்கிட்டே வந்து செல்லக்கனி பக்கத்துல உக்காந்தார்.

மறுநாள் பாதி உப்பு கரையேறுச்சு. மீதியை மழை கரைச்சுது. ஆனா அடுத்த வருஷம் அள்ள எல்லாக் கையும் இருந்துச்சு, செல்லக்கனி கையும் சேர்த்து. அதுக்கப்புறம் அந்த அளத்துல வாரத்துக்கு ஒரு நாள் கைக்குப் பொட்டு.

கருவியைக் கும்பிட்டுட்டு அதைப் பிடிக்கிற கையைக் கொல்றவன் தொழில்ல எந்தச் சாமியும் தங்காது.