இதற்கு மேல் மலை இல்லை

மலையுச்சிக்குச் சற்றுக் கீழே ஓர் ஆசிரமம் இருந்தது. மதியம் சாய்ந்தால் மூடுபனி வாசல் வழியாக உள்ளே வந்து, கூடத்தில் இருப்பவர்களோடு தானும் உட்கார்ந்துகொள்ளும். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. மூச்சு மட்டும் கேட்கும்.

அங்கே குருவாக இருந்தவர் தவமணி அம்மை. தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்தவர். அவருடைய சீடர் திருவேங்கடம் அவரைவிட வயதில் மிகவும் மூத்தவர். கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பஞ்சாலை ஒன்றின் இரைச்சலுக்குள் வாழ்நாளைக் கழித்தவர். சத்தமில்லாத ஓர் இடம் தேடி மலையேறி வந்திருந்தார்.

அந்த வருஷம் மூடுபனி பல நாட்கள் எட்டிப் பார்க்கவில்லை. ஒரு சாயங்காலம், கண்மூடி இருந்த திருவேங்கடத்தின் காதருகே ஏதோ மெல்லப் பாடியது. கொசு.

"இவ்வளவு உயரத்துக்குக் கொசு வராதுன்னு சொன்னாங்களே அம்மா?"

"வராமத்தான் இருந்துச்சு."

"இப்ப ஏனுங்க வருது?"

"கீழே இருந்த சூடு மேலே வந்திருக்கு. அதுவும் கூட வந்திருக்கு."

சமையற்கட்டுக்குப் பின்னால் யாரோ விளையாட்டாக ஊன்றிய வாழை, அந்தக் குளிர்காலத்தில் கருகாமல் குருத்து விட்டது. அடிவாரத்து மயில் ஒன்று பாறைமேல் நின்று அகவியது. திருவேங்கடத்துக்கு அது கனவில் கேட்பதுபோல் இருந்தது.

பிறகு மழை. பெய்ய வேண்டிய மாதத்தில் பெய்யாமல், எல்லாவற்றையும் சேர்த்துவைத்துக் கொட்டியது. ஆசிரமத்துக்குக் கீழே, சரிவில் இருந்த கரிக்கல் என்ற சிற்றூரின் பின்புறம் நிலம் விரிசல் விட்டது.

மழை ஓய்ந்த காலையில் அந்த ஊர்க்காரர்கள் ஏறி வந்தார்கள். முதலில் ஆட்டு மணிச்சத்தம் பனிக்குள்ளிருந்து வந்தது. அப்புறம் கூடைக்குள் கோழிகள். அப்புறம்தான் முகங்கள்.

முன்னால் வந்தவள் மாதி. ஊருக்காகப் பேசுகிறவள்.

"நிலம் வாயத் தொறந்திருச்சுங்க அம்மா. கையை விட்டா உள்ளேயிருந்து குளுந்த காத்து அடிக்குது. அடியில தண்ணி ஓடுற சத்தம் கேக்குது."

திருவேங்கடம் குறுக்கிட்டார். "இங்க இத்தனை பேருக்கு எங்கீங்க இடம்?"

தவமணி அம்மை தியானக் கூடத்தின் இரண்டு கதவுகளையும் திறந்துவிட்டார். தம்முடைய பாயைச் சுருட்டிக்கொண்டு சமையற்கட்டுக்குப் போனார்.

அன்று முழுக்கக் கூடத்தில் குழந்தைகள் அழுதன. பாத்திரம் உருண்டது. யாரோ இருமிக்கொண்டே இருந்தார்கள். திருவேங்கடம் தம் அறையைச் சாத்திக்கொண்டார். சாத்திய பிறகும் கேட்டது.

மறுநாள் காலையில் அவர் குருவிடம் வந்தார்.

"அம்மா, எல்லாம் மேலே ஏறி வருது. கொசு ஏறுச்சு. இப்ப ஊரே ஏறிடுச்சு. நாளைக்கு இந்த இடமும் பிளந்துட்டா நாம எங்கீங்க ஏறுறது?"

"வாங்க" என்றார் அவர்.

இருவரும் உச்சிக்கு நடந்தார்கள். மூடுபனி அடர்ந்திருந்தது. புல் தெரிந்தது, பிறகு பாறை தெரிந்தது, பிறகு எதுவும் தெரியவில்லை.

"ஏறுங்க."

திருவேங்கடம் ஓர் அடி எடுத்துவைத்தார். இன்னோர் அடிக்குக் காலை நீட்டினார். கால் வெண்மைக்குள் போய்க்கொண்டே இருந்தது. தரை தட்டவில்லை. தவமணி அம்மை அவர் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்.

"இதுக்கு மேல மலை இல்லீங்க அம்மா."

அப்போது வெகு கீழேயிருந்து ஒரு மாடு கத்தியது.

"எல்லாரும் வந்துட்டாங்கன்னு நினைச்சேனே. அது யாரோட மாடுங்க அம்மா?"

"பெள்ளியோடது. நிறைசினை. அதை விட்டுட்டு வரமாட்டேன்னு உட்கார்ந்திருக்கா. மாதி சொல்லிப் பார்த்துட்டா."

"அங்கதான் நிலம் பிளந்திருக்குதுங்களே!"

"ஆமா."

திருவேங்கடம் மறுபடி பனியைப் பார்த்தார். பிறகு அவர்தான் முதலில் இறங்கத் தொடங்கினார்.

கரிக்கல்லில் வீடுகள் திறந்து கிடந்தன. ஓர் அடுப்பில் மட்டும் புகை. பெள்ளி மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றாள். விரிசல் அவள் தொழுவத்தைத் தொட்டிருந்தது.

"வா தாயி, போலாம்" என்றார் திருவேங்கடம்.

"இதால ஏற முடியாது சாமி."

"மெல்ல ஏத்தலாம்."

"ஏத்தி? இன்னிக்கு இங்க பிளந்துச்சு. நாளைக்கு மேலயும் பிளந்தா, நான் இதை இழுத்துக்கிட்டு எங்க போவேன்?"

திருவேங்கடம் குருவைத் திரும்பிப் பார்த்தார். தவமணி அம்மை மாட்டின் நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தார். நிமிரவே இல்லை.

காலடியில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது.

"தெரியல தாயி" என்றார் திருவேங்கடம். "எனக்கும் தெரியல. ஆனா என் அறை மழைக்கு ஒழுகாது. மாட்டை அங்க கட்டலாம். நான் வெளியில படுத்துக்கறேன்."

பெள்ளி அவரையே பார்த்தாள். பிறகு கயிற்றை அவிழ்த்தாள்.

ஏற வெகுநேரம் ஆயிற்று. மாடு நின்ற இடத்திலெல்லாம் மூவரும் நின்றார்கள். பின்னாலிருந்து தாங்கிக்கொண்டு வந்த திருவேங்கடத்தின் தோள் முழுக்கச் சேறு. பனிக்குள் மலை இருப்பதே தெரியவில்லை. மாட்டின் மூச்சும் சூடும் மட்டும் இருந்தன.

பொழுது சாயும் வேளையில் கீழே நெடுநேரம் ஓர் இரைச்சல் கேட்டது. கூடத்தில் இருந்தவர்கள் எல்லாரும் வெளியே வந்து நின்றார்கள். பனியில் ஒன்றும் தெரியவில்லை. ஈரமண் வாசனை மட்டும் மேலே ஏறி வந்தது. மாதி தலையில் கைவைத்துத் தரையில் உட்கார்ந்தாள். திருவேங்கடத்தின் அறைக்குள்ளே பெள்ளி மாட்டோடு ஏதோ பேசிக்கொண்டிருந்தாள்.

விடிந்ததும் திருவேங்கடம் சமையற்கட்டுக்குப் போனார். தவமணி அம்மை எல்லாருக்குமாகக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தார்.

"உச்சிக்குப் போறதுக்கு முன்னால நான் கேட்டதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லலீங்க அம்மா."

"பெள்ளியும் உங்ககிட்ட அதையேதானே கேட்டா?"

"ஆமாங்க."

"என்ன சொன்னீங்க?"

"தெரியலன்னு சொன்னேன்."

தவமணி அம்மை கஞ்சியைக் கிளறினார்.

"அவ வந்துட்டாளே" என்றார்.