பாதியில் மூடிய இலை

குற்றாலிங்கம் செருப்பைக் கழற்றவில்லை, உதறினார். ஒன்று வேலியோரம் போய் விழுந்தது. இன்னொன்று சாமியின் தண்ணீர்த் தொட்டிக்குள்ளேயே விழுந்தது.

“இனிமே ஒருத்தரையும் வீட்டுக்குக் கூப்பிட மாட்டேன் சாமி. சத்தியம்!”

சிற்றாற்றங்கரைக் குடிசையில் தனியாக இருந்த அந்தச் சாமியாருக்குக் குற்றாலிங்கத்தைவிட இருபது வயசாவது குறைவு. ஆனாலும் மனசில் ஏதாவது குடைந்தால் இவர் ஓடி வருவது அங்கேதான். சாமி அப்போதுதான் பழைய சோற்றுச் சட்டியைத் திறந்து கையை விட்டுப் பிசைந்துகொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை.

“யாரு வந்தாக?”

“மாப்பிள்ளை. கல்யாணத்துக்குப் பெறகு இப்பத்தான் எம் மக செண்பகத்தைக் கூட்டிக்கிட்டு வாராரு. விடியுமுன்னே அடுப்பைப் பத்த வச்சோம். தேங்காய்ப்பால் பிழிஞ்சு சொதி, இஞ்சிப் பச்சடி, அவியல், ரெண்டு பாயசம். பரிமாறுதப்போ வீட்டுக்காரியைக் கூட நான் கரண்டியைத் தொட விடலை. நானே எதுக்க நின்னு, இலையை விட்டுக் கண்ணை எடுக்காம, பாத்துப் பாத்துப் போட்டேன்.”

“பெறகு?”

“வச்ச அவியல் வச்சபடி கிடக்கு. எரிச்சல் வருமா வராதா? ‘என்ன மாப்பிள்ளை, கொறிக்கீக? எங்க வீட்டுச் சோறு தொண்டையில இறங்கலையோ?’ன்னேன். இது ஒரு குத்தமா? மனுசன் பாதியில இலையை மூடிட்டு எந்திரிச்சுட்டாரு சாமி! சொதியில கை நனைக்கலை. வண்டி பூட்டச் சொல்லிட்டாரு. எம் மக இருக்காளே, நான் பெத்த மக, அவளும் பெட்டியைத் தூக்கிட்டா. ‘இனி இந்தப் படி ஏற மாட்டேம்ப்பா’ங்கா!”

அதைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. இருப்பது ஒரே மகள். அவளும் வராமல் போனால் அந்த வீட்டில் யாருக்காக அடுப்பு மூட்டுவது? அழுகை வந்தால் அதையும் கோபமாக்கித்தான் அவருக்குப் பழக்கம். குடிசைத் தூணை ஓங்கி ஒரு குத்து விட்டார்.

“நீரு சாப்பிட்டீரா?” என்றார் சாமி.

“நானா? நல்லாக் கேட்டீங்க! விருந்தாளி வயிறு நிறைஞ்சு கை கழுவாம நான் பச்சத்தண்ணி தொட மாட்டேன். எங்கப்பா காலத்து வழக்கம்.”

“அப்போ விடியுமுன்னே இருந்து பட்டினி.”

“இருந்தா என்ன? நான் நியாயம் கேக்க வந்திருக்கேன்.”

“முதல்ல உக்காரும்.”

“சோறு திங்க வரலைங்கேன்!”

சாமி கத்தி அந்த ஊரில் யாரும் கேட்டதில்லை. அன்றைக்குக் கத்தினார்.

“உக்காரும்வே! இது என் குடிசை, நீரு என் விருந்தாளி. உம்ம வழக்கப்படி நீரு திங்காம நான் திங்கக் கூடாது. இங்க என் வயிறு காந்துது!”

குற்றாலிங்கம் பொத்தென்று உட்கார்ந்தார். சாமி ஒரு தட்டை அவர் முன்னால் தள்ளி, சின்ன வெங்காயத்தையும் வறுத்த மோர்மிளகாயையும் எடுத்து வைத்தார். சட்டியை இருவருக்கும் நடுவில் வைத்தார். பிறகு தன் தட்டில் சோற்றை அள்ளிப் போட்டுச் சாப்பிட ஆரம்பித்துவிட்டார்.

குற்றாலிங்கம் காத்திருந்தார். ஒன்றும் நடக்கவில்லை.

“பரிமாறுற பழக்கம் கிடையாதோ?”

“சட்டி உமக்கும் எட்டும்.”

“விருந்தாளியை உக்கார வச்சுட்டு நீங்க பாட்டுக்குத் திங்கீகளே. ரொம்ப நல்லாருக்கு சாமி உங்க உபசாரம்!”

“எனக்குப் பசி.”

என்ன மனுஷன் இவர்! வீம்புக்கென்றே ஒரு பிடி அள்ளி வாயில் போட்டு மிளகாயைக் கடித்தார் குற்றாலிங்கம். அடுத்த பிடி வீம்புக்கு இல்லை. அப்புறம் சட்டிக்குள் கை தானாகப் போய் வந்தது. அவர் தட்டை யாரும் பார்க்கவில்லை. சாமி ஆற்றில் தண்ணீர் வரத்தைப் பற்றிக் கேட்டார். இவரும் வாயில் சோற்றோடு மதகுக்காரனை நாலு திட்டுத் திட்டிவிட்டுப் பதில் சொன்னார்.

“மாப்பிள்ளை என்ன சொன்னாரு?”

“எந்திரிச்சப்பவா? வாயே திறக்கலை.”

“அதுக்கு முன்னால.”

“முன்னால... ‘மாமா, ஒரு விசயம்’னாரு. பேச்சு பெறகு, முதல்ல சாப்பிடுங்கன்னேன்.”

“பெறகு?”

“திரும்பவும் ‘மாமா’ன்னாரு. பச்சடி வச்சேன்.”

“செண்பகம்?”

“பக்கத்து இலைதான். ‘அப்பா, அவுக சொல்லுததைக் கொஞ்சம்...’னு இழுத்தா. பேசாமச் சாப்பிடுடின்னு ஒரு அதட்டு...”

குற்றாலிங்கத்தின் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

“என்ன விசயம்?” என்றார் சாமி.

“தெரியாது.”

சாமி ஒரு வெங்காயத்தைக் கடித்தார்.

“தெரியாது சாமி! கேக்கவே இல்லையே நான்! அத்தனை தூரத்துலேருந்து சொல்ல வந்த புள்ளைகளை... மடையன், மடையன்!” சோற்றுக் கையாலேயே நெற்றியில் அறைந்துகொண்டார். இத்தனை நேரம் மாப்பிள்ளை மேல் இருந்த ஆத்திரம் முழுக்க இப்போது அவர் மேலேயே திரும்பியது.

எழுந்தார். தொட்டியிலேயே கையை அலம்பி, செருப்பைத் தேடாமல் வாசலுக்குப் பாய்ந்தவர், திரும்பி நின்றார்.

“நான் வாரப்போ வண்டிக்காரன் மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கிட்டு இருந்தான். இன்னும் கிளம்பியிருக்க மாட்டான். கால்ல விழுந்தாவது ரெண்டு பேரையும் இறக்கிருவேன். ஆனா எல்லாம் ஆறிக் கிடக்குமே சாமி, மறுபடி உலை வைக்கச் சொல்லவா?”

“வேண்டாம். இலையைப் போடும்.”

“ரெண்டு இலைதானே?”

“நாலு.”

“நாலா?” குற்றாலிங்கத்துக்குக் கோபம் மறுபடி பொத்துக்கொண்டு வந்தது. “நானும் வீட்டுக்காரியும் கூட உக்காந்துட்டா, பரிமாற எவன் இருக்கான்?”

சாமி தட்டை வழித்து வாயில் போட்டுக்கொண்டார்.

“சொதிச் சட்டியைத் தூக்கி நடுவுல வையும்.”