கடைசி மந்தைக்கு முதல் வாய்

வேலி என்ற சொல்லே பிறக்காத காலத்தில், வானம் பார்த்த ஒரு புல்வெளியில் மாடு மேய்ப்போர் வாழ்ந்தனர். கதை பழையது; கேட்டவர்கள் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போய்த் தம் வேலியை உயர்த்தியதும் பழையதே. ஆனாலும் சொல்கிறேன்.

மழை எங்கே பெய்ததோ அங்கே மந்தைகள் போயின. அவர்களிடம் ஒரே ஒரு வழக்கம் இருந்தது: கடைசியாக வந்து சேரும் மந்தைக்கே முதல் வாய். வெகுதூரம் நடந்த மாட்டுக்குப் பசி அதிகம் என்பதால், முன்னே வந்தவர்கள் தம் மாடுகளை விலக்கி நிறுத்துவார்கள்.

காரையன் என்பவனிடம் நாற்பது மாடுகள் இருந்தன. அடுத்த கோடைக்கும் புல் வேண்டும் என்று நினைத்தான். கிளுவை மரத்தின் முட்கிளைகளை வெட்டி, நல்ல புல்லைச் சுற்றி ஊன்றினான்.

முதல் ஆண்டு, நல்லக்காள் தன் மந்தையோடு கடைசியாக வந்தாள். குச்சிகளைப் பார்த்துச் சிரித்தாள்.

"என்ன அண்ணா, கால் முளைத்து ஓடிவிடும் என்றா புல்லைக் கட்டிப்போட்டிருக்கிறாய்?"

காரையனும் சிரித்தான், வழிவிட்டான்.

இரண்டாம் ஆண்டு, குச்சிகள் வேர்விட்டு இடுப்பளவு நின்றன. "நாளைக்கு வா, தங்கச்சி" என்றான்.

மூன்றாம் ஆண்டு, வேலி தலைக்கு மேல் வளர்ந்திருந்தது. கூப்பிட்டாள், பதில் இல்லை. வேலிக்கு வெளியே அவளுடைய பதினொரு மாடுகள் படுத்தன, எழவில்லை.

பிறகுதான் அவன் வந்தான், ஒரு கட்டுக் கிளுவைக் கிளைகளோடு. "அழாதே. நீயும் நட்டுக்கொள்." அதைத் தருமம் என்று நம்பினான். கேட்டவர்க்கெல்லாம் வெட்டிக் கொடுத்தான். வெளி முழுவதும் கட்டங்கட்டமாக வேலி எழுந்தது. காரையனின் மாடுகள் முந்நூறாயின. அரசன் அவனுக்குப் பரிவட்டம் கட்டினான்.

ஏழாம் ஆண்டு, மழை அவன் நிலத்தை விட்டுவிட்டு வடக்கே பெய்தது. முந்நூறு மாடுகளையும் ஓட்டிக்கொண்டு நடந்தான். வழியெங்கும் கிளுவை, எல்லாம் அவன் கொடுத்த கிளை. கடைசி வேலிக்குள் நல்லக்காள் நின்றாள், மிஞ்சிய ஆறு மாடுகளோடு.

"கடைசியாக வந்திருக்கிறேன், தங்கச்சி. முதல் வாய் எனக்கு."

அவள் முகத்தில் பழி தீர்த்த மகிழ்ச்சிகூட இல்லை.

"வெளி முழுக்கப் புல்லாக இருந்தபோது கொடுத்தோம், அண்ணா. இது ஆறு வாய்க்கான புல். திறந்தால் உன் மாடும் சாகும், என் மாடும் சாகும்."

அவள் சொன்னது பொய்யல்ல. அதுதான் கொடுமை.

முந்நூறு மாடுகளும் வேலியோரமே விழுந்தன. எலும்பு உரமாகி, அடுத்த ஆண்டு அந்தக் கிளுவை செழித்துத் தழைத்தது. புதிதாக வேலி போட வந்தவர்கள் அதிலிருந்தே கிளை வெட்டிச் சென்றார்கள்.

அடுத்தவர் பசியை வெளியே நிறுத்த நாம் நடும் வேலி, ஒருநாள் நம் பசியையும் வெளியே நிறுத்தும்.