நீர்நாய் கேட்ட மூன்று கேள்விகள்

காட்டாற்றில் வெள்ளம் ஏறிக்கொண்டிருந்தது. மேட்டுக்கரைக்குப் போக ஒரே ஒரு மூங்கில் தெப்பம்தான். அதை ஓட்டுவது நீர்நாய். கனம் பார்த்து ஆளை உட்கார வைக்காவிட்டால் தெப்பம் கவிழ்ந்துவிடும்.

அதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று நீர்நாய்க்கு நினைப்பு. முயல் என்றால் காதைப் பிடித்துத் தூக்கிப் பார்க்கும். குரங்கு என்றால் கிளையில் தொங்கவிட்டு, கிளை எவ்வளவு வளைகிறது என்று பார்க்கும். ஆமையைப் புரட்டிப் போட்டு ஓட்டைத் தட்டும். "ஒவ்வொருத்தனுக்கும் ஒவ்வொரு வைத்தியம்! எனக்குத்தான் தெரியும்!" என்று மீசையை நீவிக்கொள்ளும்.

அன்றைக்கு எறும்பு தின்னும் அழுங்கு ஒன்று வந்து நின்றது. உடம்பெல்லாம் செதில். வால் மேலே குட்டி வேறே! அப்படி ஒன்றை நீர்நாய் பார்த்ததே இல்லை. தூக்கிப் பார்க்கக் காதைத் தேடியது, அகப்படவில்லை. சரி, புரட்டலாம் என்று வாலைத் தொட்டது. அவ்வளவுதான்! குட்டியை உள்ளே அணைத்துக்கொண்டு அழுங்கு பந்தாகச் சுருண்டுவிட்டது.

"தட்டிப் பாரண்ணே! இளசா முத்தலான்னு தெரியும்!" என்று குரங்கு சிரித்தது.

நீர்நாய் தட்டியது. உருட்டியது. கடித்துக்கூடப் பார்த்தது. பல் கூசியதுதான் மிச்சம். அதற்குள் தண்ணீர் எல்லோர் காலையும் நனைத்துவிட்டது.

"அண்ணே, அதுக்கு வாய் இல்லையா? கேட்டுத்தான் பாரேன்!" என்றது முயல். "எல்லார்கிட்டேயும் ஒரே கேள்வியைக் கேளு. அவனவன் சொல்லட்டும். என் காதாவது பிழைக்கும்!"

"பொய் சொன்னா?"

"சொன்னவனும் அதே தெப்பத்துலதானே வர்றான்!"

நீர்நாய்க்கு முகம் சுண்டிவிட்டது. ஆனால் வெள்ளம் காத்திருக்குமா? பந்துக்குப் பக்கத்தில் குனிந்தது.

"தாயே, இனிமே தொடமாட்டேன். நீ எத்தனை முயல் கனம் இருப்பே? உனக்கு எது ஆகாது? உன்னால என்னவெல்லாம் முடியும்?"

பந்து மெல்ல அவிழ்ந்தது.

"நாலு முயல் கனம், தம்பி. யாராவது தொட்டாச் சுருண்டுடுவேன். நல்லா நீந்துவேன். பிள்ளைக்கு மட்டும் இடம் கொடு, நான் தெப்பத்தைத் தள்ளிக்கிட்டே வர்றேன்."

"நீந்துவியா! முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"நீ எங்கே கேட்டே?"

அதே மூன்று கேள்வி வரிசை நெடுகப் போனது. "எனக்குப் பின்னால யாரும் உட்காராதீங்க!" என்றது முள்ளம்பன்றி. "நானும் நீந்துவேன். மல்லாக்கப் போட்டா எப்படிச் சொல்றது?" என்றது ஆமை.

நீர்நாய் சட்டுச்சட்டென்று இடம் பிரித்தது. ஆமையும் அழுங்கும் பின்னாலிருந்து தள்ள, குட்டி நடுவில் உட்கார்ந்து கும்மாளம் போட, ஒருவர் விடாமல் மேட்டுக்கரை சேர்ந்தார்கள்.

ஆளுக்கொரு விதமாகக் கிண்டிக் கிளறிப் பார்ப்பதை விட்டு, எல்லோருக்கும் பொதுவான கேள்விகளை வைத்து அவரவர் வாயால் சொல்லவிட்டால், நாம் நினைத்தே பார்க்காத திறமையும் தானாக வெளியே வரும்.