தொடாத இரண்டு பேனாக்கள்

"எல்லாரும் வந்துட்டாங்க. இன்னும் ஏன் என் ஆய்வேட்டுல கையெழுத்துப் போடலை, மேடம்?"

தணிகாசலத்துக்கு நாற்பத்தாறு வயது. அவருடைய ஆய்வு வழிகாட்டி ஜுலைகாவுக்கு முப்பத்தொன்று. கணிதத்தில் யாரும் வயதைப் பார்ப்பதில்லை.

ஐந்து நிமிடத்தில் ஆய்வுக் குழு கூடும். இன்றோடு கெடு முடிகிறது. இன்று விட்டால் ஆறு வருட உழைப்பு குப்பைக்கு. ஹாலில் தணிகாசலத்தின் மனைவி லட்டு டப்பாவோடு உட்கார்ந்திருந்தார்.

"என்ன நிரூபிச்சிருக்கீங்க? சுருக்கமா சொல்லுங்க."

"ஒரு கணித உலகம். அதுல ரெண்டு பொருள் ஒண்ணையொண்ணு கட்டுப்படுத்துது. ஆனா ரெண்டுக்கும் பொதுவா எதுவுமே கிடையாது. பொதுவா ஒண்ணும் இல்லாமலே பிணைப்பு இருந்தா, அந்த உலகத்தோட வடிவியல் சிக்கலானது. இதெல்லாம் உங்களுக்குத் தெரியாதா?"

"பொதுவா எதுவும் இல்லைன்னு எப்படித் தெரியும்?"

"ஒவ்வொரு புள்ளியா தேடினேன். அறுபத்தொரு பக்கம். படிச்சீங்களா, இல்லையா?"

"ரெண்டு தடவை."

"அப்புறம் என்ன?"

ஜுலைகா தன் பேனாவை மேசையின் இந்த ஓரத்தில் வைத்தார். தணிகாசலத்தின் பேனாவை வாங்கி அந்த ஓரத்தில் வைத்தார். இரண்டும் இணையாகக் கிடந்தன.

"தொடுதா?"

"இல்லை."

"நீட்டினா?"

"எவ்வளவு நீட்டினாலும் தொடாது. மணி ஆகுது, மேடம்."

"பொதுவா ஒரு புள்ளியாவது?"

"இல்லைங்கறேன்ல!"

ஜுலைகா தன் பேனாவைக் கொஞ்சம் திருப்பினார்.

"உங்களோடதையும் முன்ன மாதிரி இணையா வைங்க, சார்."

தணிகாசலம் வெடுக்கென்று திருப்பினார். சரியாக இருந்தது.

"எதைப் பார்த்துத் திருப்பினீங்க?"

"எதைப் பார்க்கறது? உங்க பேனா போற திசை..."



தணிகாசலம் ஆய்வேட்டை இழுத்துப் புரட்டினார். புள்ளி. புள்ளி. புள்ளி. கடைசிப் பக்கம் வரை புள்ளிதான்; திசையை எங்குமே தேடவில்லை.

கதவு திறந்தது. அலுவலக உதவியாளர் தலையை நீட்டினார்.

"சார், கூப்பிடறாங்க."

ஜுலைகா பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார்.

"போடவா?"



தணிகாசலம் ஆய்வேட்டை மூடினார். உதவியாளர் பக்கம் திரும்பினார்.

"லட்டை மட்டும் எல்லாருக்கும் கொடுத்துடச் சொல்லுங்க."