அக்கரைத் தூதரின் பட்டுச் சுருள்

முன்னொரு காலத்தில், ஆற்றுக்கு இக்கரையில் ஒரு நாடு இருந்தது. பெயர் வேண்டாம், அந்த ஊர்க்காரர்கள் யாராவது இன்னும் மிச்சம் இருந்து சண்டைக்கு வந்தால் நமக்குத்தான் வம்பு. அந்த நாட்டை ஆண்டவர் சூரகேசரி மன்னர். பெயரிலேயே சிங்கம் இருந்தது. ஆனால் அக்கரைத் தேசத்துத் தூதர் பூவராகர் வந்து, காதோரம் குனிந்து இரண்டு வார்த்தை சொன்னால் போதும், சிங்கத்தின் முகம் வெள்ளையடித்த சுவர் மாதிரி ஆகிவிடும்.

முதல் தடவை தூதர் காதில் சொன்னார். உப்பளம் அக்கரைக்குப் போனது. இரண்டாம் தடவை சொன்னார், ஓடத்துறை போனது. மூன்றாம் தடவைக்கு மேலணை போகப் போகிறது என்று பேச்சு. மேலணை போய்விட்டால் இக்கரை வயலில் தண்ணீர் பாய்வதா வேண்டாமா என்பதை அக்கரைக்காரன்தான் தீர்மானிப்பான்.

ஊர் சும்மா இருக்குமா? அக்கரை ஒற்றர்களின் கையில் மன்னர் வசமாக மாட்டிக்கொண்டிருக்கிறார் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. எதனால் என்பதில்தான் ஆளுக்கொரு கட்சி. அக்கரையில் அவருக்கு ஒரு ரகசியக் குடும்பம், மூன்று பிள்ளைகள் என்றார்கள் வெற்றிலைக் கடையில். படித்துறைக்கு வந்தபோது அது ஐந்து பிள்ளைகள் ஆகியிருந்தது. அதெல்லாம் இல்லை, சொந்த அண்ணனுக்கே நஞ்சு வைத்தவர், அதற்குச் சாட்சி அக்கரையில் இருக்கிறது என்றான் ஊர்த் தலையாரி.

"மன்னருக்கு அண்ணனே கிடையாதேய்யா" என்று யாரோ கேட்டார்கள்.

"அதத்தானே சொல்றேன். எப்படி இருப்பாரு?" என்றான் தலையாரி.

அரண்மனை விகடகவி கொழுந்தீசனும் தன் பங்குக்கு ஒன்று சொல்லிவைத்தான். ஒரு கல்யாணப் பந்தியில், பாயசத்துக்கும் மோருக்கும் நடுவில், "நம் மன்னருக்குக் காது இரண்டு. ஒன்று நமக்கு. மற்றதை அக்கரைக்காரருக்குக் குடக்கூலிக்கு விட்டிருக்கிறார்" என்றான். பந்தி சிரித்தது. அவன் கை கழுவுவதற்குள் அந்தப் பேச்சு பிரதானி உமைபாகரின் வீட்டு வாசலைத் தட்டிவிட்டது.

உமைபாகர் ராஜ்யத்தின் தலைமை அமைச்சர். அவர் பேசினால் சபை கொட்டாவி விடும். கொழுந்தீசன் பேசினால் மன்னர் முன்னுக்குச் சாய்ந்து கேட்பார். ஆறு வருடமாக இதைப் பொறுத்துக்கொண்டிருந்த மனிதருக்கு அன்று நல்ல பசி எடுத்தது என்று அவர் வீட்டுச் சமையல்காரியே சொன்னாளாம்.

மறுநாள் காலை கொழுந்தீசனை மன்னரின் அந்தரங்க அறைக்கு அழைத்தார்கள். உள்ளே மன்னரும் பிரதானியும் மட்டும்.

"ஊரெல்லாம் பரவும் அவதூறுக்கு ஊற்றுக்கண் இவன்தான் மன்னா" என்றார் உமைபாகர். "காதைப் பற்றிப் பேசிய நாக்கு அது. நாக்கையே அகற்றிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது."

மன்னர் கோபமாக இருந்தார். ஆனால் கோபத்தைவிடக் களைப்பு அதிகமாக இருந்ததைக் கொழுந்தீசன் கவனித்தான். அவன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து, "பேசியது குற்றம்தான் மன்னா. ஆனால் பொய் பேசினேனா என்பதை மட்டும் சொல்லிவிட்டு அறுக்கச் சொல்லுங்கள்" என்றான்.

மன்னர் குரலைத் தாழ்த்தினார். "ஒரு சித்திரம் இருக்கிறது. பத்து வருடத்துக்கு முன் அக்கரையில் நாம் விருந்தாளியாகத் தங்கியிருந்தபோது அவர்களுடைய ஒற்றன் ஒருவன் மறைந்திருந்து தீட்டியது. அதில் என்ன இருக்கிறது என்று கேட்காதே. நாளை மறுநாள் பூவராகர் அதைக் கையிலேயே கொண்டு வருகிறாராம். மேலணையை எழுதிக் கொடுக்காவிட்டால் விரித்துக் காட்டுவாராம்."

உமைபாகர் அந்தச் சந்தர்ப்பத்தை நழுவவிடவில்லை. "அப்படியானால் இந்தக் கெட்டிக்காரனே அந்தச் சித்திரத்தை மீட்டுத் தரட்டும். திருடக் கூடாது, தூதரிடம் திருடினால் நமக்கு மானக்கேடு. பறிக்கக் கூடாது, போர் மூளும். விலை பேசவும் கூடாது. அவர்கள் விற்க மாட்டார்கள். அன்று பொழுது சாய்வதற்குள் சித்திரம் மன்னரின் திருக்கரத்தில் இருக்க வேண்டும். தவறினால் நாக்கு."

"அப்படியே ஆகட்டும்" என்றார் மன்னர். வேறு வழி தெரியாதவர் சொல்வது போல் இருந்தது.

கொழுந்தீசன் வீடு வந்து சேர்ந்தான். நாக்கு போனால் அவனுக்கு வேறு தொழில் தெரியாது. உழத் தெரியாது, நெய்யத் தெரியாது. மனைவி வடிவாம்பாள் சோற்றைப் போட்டாள். அடிப்பிடித்த வாசனை வந்தது.

விஷயத்தை முழுக்கக் கேட்டுவிட்டு அவள் முதலில் கேட்டது, "அப்படி என்ன படமாம் அது?"

"வடிவு, என் நாக்கு போகப்போகுது. உனக்குப் படமா முக்கியம்?"

"கேட்டா என்ன? நாக்கு இருக்கும்போதே சொன்னாத்தானே உண்டு."

"எனக்கே தெரியாதுடி. சோறு ஏன் இப்படித் தீஞ்சு கிடக்கு?"

"ஏன் சொல்ல மாட்டீங்க! உலை கொதிக்கிற நேரத்துல உங்க ராசா படம் தெருவோட வந்துது. மேளம் அடிச்சான், எழும்பி நில்லுன்னான். எவனோ புதுசா வரைஞ்சு சபைக்குக் கொண்டு போனானாம். ராசா படம் சபைக்குள்ள வந்துட்டா மூடி வெளிய கொண்டு போகக் கூடாது, பல்லக்குல ஏத்தி நாலு வீதியும் சுத்தி ஊர்வலம் போகணும், பல்லக்குல ஏறிட்டா அப்புறம் ராசா கையிலதான் குடுக்கணும், திருப்பித் தரக் கூடாது. சட்டமாம். அந்தப் பிரதானிதான் ராசாவைக் குளிப்பாட்டறதுக்காக எழுதி வெச்சாராம். அவர் வீட்டுச் சோறு தீஞ்சிருந்தா தெரியும்."

கொழுந்தீசன் கையில் எடுத்த கவளத்தை அப்படியே வைத்திருந்தான். பிறகு தீய்ந்த சோறு முழுவதையும் ரசித்துச் சாப்பிட்டான். வடிவாம்பாளுக்குப் பயமாகிவிட்டது.

குறித்த நாளில் சபை கூடியது. தூதர் பூவராகர் சந்தனப் பொட்டும் சரிகை அங்கவஸ்திரமுமாக வந்தார். கக்கத்தில் மஞ்சள் பட்டில் சுற்றிய ஒரு சுருள். அதை அடிக்கடி தட்டிக்கொண்டார், தூங்குகிற குழந்தையைத் தட்டுகிற மாதிரி. சிம்மாசனத்தில் மன்னருக்கு வியர்த்தது.

"தூதர் பெருமானே," என்றான் கொழுந்தீசன், "அது என்ன? எங்கள் நாட்டுக்குத் துணி கொண்டு வந்திருக்கிறீர்களா?"

"துணியல்ல விகடகவியே, சித்திரம்."

"தங்கள் அரசரின் சித்திரமா?"

பூவராகர் மன்னரைப் பார்த்துப் புன்னகைத்தார். பயமுறுத்துவதற்கு இதைவிட நல்ல சமயம் வாய்க்குமா? சபை முழுவதும் கேட்கும்படி சொன்னார்: "இல்லை. தங்கள் மன்னருடையது. அச்சு அசலாக அவரேதான். வேண்டுமானால் விரித்துக் காட்டட்டுமா?"

"வேண்டாம், தாங்கள் எதற்குச் சிரமப்பட வேண்டும்?" என்ற கொழுந்தீசன், உடனே தொண்டை கிழியக் கத்தினான். "மன்னரின் திருவுருவம் சபைக்கு எழுந்தருளியிருக்கிறது! எல்லோரும் எழுந்திருங்கள்!"

வழக்கம் வழக்கம்தான். சபை எழுந்தது. வாசலில் பேரிகை முழங்கியது. பல்லக்குக்காரர்கள் நால்வர் ஓடி வந்து தூதரின் முன்னால் கைநீட்டி நின்றார்கள்.

"இது அக்கிரமம்! நான் ஒரு தூதன். என்னிடமிருந்து பறிக்கிறீர்கள்!" என்றார் பூவராகர்.

"யார் பறிப்பது? தாங்களே வைத்துக்கொள்ளலாம்" என்றான் கொழுந்தீசன். "ஆனால் சபைக்கு வந்த திருவுருவம் மூடியபடி வெளியே போகக் கூடாது என்பது சட்டம். சுருளை விரித்துத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முன்னால் மேளம் வர, தங்கள் எல்லை வரைக்கும் நடந்து போங்கள். சட்டத்தை எழுதியவர் இதோ நிற்கிறார். பிரதானியாரே, நான் சொல்வது சரிதானே?"

உமைபாகர் மன்னரைப் பார்த்தார், தூதரைப் பார்த்தார். தன் சட்டத்தைத் தானே பிழை என்று சொல்ல எந்த அமைச்சருக்கு வாய் வரும்? "சட்டம்... அப்படித்தான் இருக்கிறது" என்று முனகினார்.

விரித்த பின் மிரட்ட என்ன இருக்கிறது என்பது பூவராகருக்கு அப்போதுதான் உறைத்தது. விரித்த சுருளைச் சுமந்துகொண்டு மேளத்தோடு நடப்பது தனக்குத்தான் அவமானம் என்று அதைப் பல்லக்குக்காரரிடம் நீட்டினார். சுருள் பல்லக்கில் ஏறியது. மன்னர் எழுந்து விறுவிறுவென்று உள்ளறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டார்.

பல்லக்கு கீழவீதியில் இறங்கியதும், சட்டப்படி பட்டை விலக்கிச் சுருளை விரித்தார்கள். கொழுந்தீசனும் அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தான். பார்த்தவன் கன்னத்தை உள்பக்கமாகக் கடித்துக்கொண்டு நடந்தான். உடம்பெல்லாம் எண்ணெய் வழிய, வெறும் கோவணத்தோடு, சூரகேசரி மன்னர் ஒரு பூவரச மரக் கிளையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தொங்குகிறார். வாய் "அம்மா" என்று கத்துவது போல் திறந்திருக்கிறது. மரத்தடியில், கழுத்தை நீட்டிக்கொண்டு, ஒரு சேவல்.

வீதி முழுக்க முண்டியடித்துப் பார்த்தது. பிறகு புட்டு விற்கிறவள் எட்டிப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்றாள்.

"பிள்ளைங்க எங்கே? அஞ்சு பிள்ளைன்னாங்களே?" என்றாள் பக்கத்தில் நின்றவள்.

"அந்த மரத்துக்குப் பின்னால இருக்கும்" என்றான் தலையாரி, விடாமல். யாரும் அவனைக் கவனிக்கவில்லை.

"எங்க வீட்டுச் சேவலும் இப்படித்தாங்க" என்றார் ஒரு செக்குக்காரர். "தலைதீபாவளிக்கு வந்த மாப்பிள்ளை கூரையில ஏறினவர், பலகாரம் சாப்பிடக்கூட இறங்கலே."

ஆளாளுக்குத் தங்கள் வீட்டுச் சேவல், வாத்து, முட்டுகிற ஆட்டுக்கிடா என்று சொல்ல ஆரம்பித்தார்கள். மேலவீதிக்குப் போவதற்குள் கூட்டம் பாதியாகக் குறைந்துவிட்டது. வடக்குவீதியில் பல்லக்குக்கு முன்னால் ஒரு நாய்தான் வந்தது.

பொழுது சாய இன்னும் இரண்டு நாழிகை இருக்கும்போது, கொழுந்தீசனின் கண்முன்னே பல்லக்குக்காரர்கள் சித்திரத்தை மன்னரின் கையில் கொடுத்தார்கள். தூதரும் பிரதானியும் ஓரமாக நின்றார்கள்.

"சனங்கள் என்ன சொன்னார்கள்?" மன்னர் சுருளைப் பார்க்காமலே கேட்டார்.

"உண்மையைச் சொல்லவா மன்னா? ஏமாந்துபோனார்கள். இதைவிடப் பெரிதாக எதிர்பார்த்திருந்தார்கள்."

மன்னர் மெல்லச் சுருளைப் பிரித்தார். பத்து வருடம் கழித்து அந்தச் சேவலை நேருக்கு நேர் பார்த்தார். தூதர் பக்கம் திரும்பி, "பூவராகரே, இந்தச் சேவல் இப்போது என்ன செய்கிறது?" என்று கேட்டார்.

பூவராகர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அது... தாங்கள் புறப்பட்ட அன்று இரவே குழம்பாகிவிட்டது மன்னா. கொஞ்சம் முற்றல்."

மன்னர் அவரையே பார்த்தார். "ஒரு சட்டிக் குழம்புக்கா உப்பளத்தைக் கொடுத்தேன்?" என்றார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். சிம்மாசனத்தின் கைப்பிடியைத் தட்டித் தட்டிச் சிரித்தார். கிரீடம் நழுவி மடியில் விழுந்தது, அதையும் எடுக்காமல் சிரித்தார். சிரித்து முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மேலணை இக்கரையிலேயே இருக்கும். உப்பளத்தையும் ஓடத்துறையையும் பற்றி இனிமேல் உரக்கப் பேசுவோம், காதில் வேண்டாம். போய்வாரும்" என்றார்.

தூதர் போனார். மன்னர் தன் முத்துமாலையைக் கழற்றிக் கொழுந்தீசனின் கழுத்தில் போட்டார். "இன்னும் என்ன வேண்டும், கேள்."

"ஓர் ஓலை போதும் மன்னா. 'கொழுந்தீசனின் நாக்கு கொழுந்தீசனுக்கே உரியது. அதன் மேல் வேறு யாருக்கும் பாத்தியதை கிடையாது' என்று எழுதி முத்திரை வைத்துத் தர வேண்டும்."

"யாரங்கே, எழுத்தாணி கொண்டு வா!"

"அதில் ஒரு சின்ன விண்ணப்பம் மன்னா. பிரதானியாரின் கையால் எழுதினால் நன்றாக இருக்கும். சட்டம் எழுதுவதில் அவருக்கு நல்ல பழக்கம்."

உமைபாகர் எழுத உட்கார்ந்தார். முதல் ஓலை கிழிந்தது. இரண்டாவதும் கிழிந்தது. மூன்றாவதை அவர் எழுதி முடிக்கும்வரை மன்னர் சிரித்துக்கொண்டே இருந்தார்.